தேடுபொறி வாசலோடு நின்றுவிடும்

தேடுபெட்டியில் நாலு சொல்லைத் தட்டி, வந்த முடிவுகளில் முதல் இரண்டு பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இணையத்தில் இது இல்லை" என்று எழுந்துவிடுகிறவர்கள் ஏராளம். ஆய்வு மாணவர்களும் பத்திரிகையாளர்களும்கூட இதற்கு விலக்கல்ல. பெரும்பாலும் அந்தத் தகவல் இருக்கிறது. பூட்டிக்கூட வைக்கவில்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றுதான் வைத்திருக்கிறார்கள். கூகுளும் பிங்கும் அந்த வீட்டின் வாசல்வரை போயிருக்கும், உள்ளே போயிருக்காது. ஆகவே தேடுபொறியிடம் தகவலைக் கேட்காதீர்கள், வாசலைக் கேளுங்கள். வாசலைத் தாண்டியபின் அந்த வீட்டில் பேசும் மொழியில் கேளுங்கள். பலரும் தடுக்கி விழுவது இந்த இரண்டாவது படியில்தான்.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடலாம். நான் பேசுவது டார்க் வெப் பற்றி அல்ல. அது டோர் உலாவி போன்ற தனி மென்பொருள் வழியாக மட்டும் திறக்கும் ஒரு சிறு மூலை. இங்கே பேசுவது ஆழ்வலை: நூலக அட்டவணைகள், காப்புரிமைப் பதிவேடுகள், மருத்துவ ஆய்வுச் சுருக்கங்கள், வணிகப் புள்ளிவிவரங்கள், ஆவணக் காப்பகப் பட்டியல்கள். எல்லாம் சாதாரண உலாவியில் திறப்பவை. பனிப்பாறையின் நுனி மட்டும் வெளியே தெரிகிற ஒரு படத்தைப் போட்டு, நீருக்கடியில் இத்தனை சதவீதம் என்று எழுதுவார்கள். அந்தக் கணக்கின் வேர் 2001இல் மைக்கேல் பெர்க்மன் வெளியிட்ட மதிப்பீடு. வெளித்தெரியும் வலையைப்போல் 400 முதல் 550 மடங்கு என்றார் அவர். அன்றைய வலை வேறு, இன்றைய வலை வேறு. அந்த எண்ணை இன்றும் தூக்கிக்கொண்டு திரிவதில் பயனில்லை.

ஏன் உள்ளே போகாது?

தேடுபொறி அனுப்பும் கிராலர் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டே நடக்கும் ஒரு நிரல். இணைப்பு இருந்தால் போகும், எழுத்து இருந்தால் எடுத்து வைக்கும். ஒரு படிவத்தை நிரப்பி "தேடு" பொத்தானை அழுத்தினால்தான் பக்கமே பிறக்கும் என்றால் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். சில தளங்களில் படிவங்களையும் நிரப்பிப் பார்ப்பதாகக் கூகுள் 2008இல் அறிவித்தது. அதுவும் கெட் வகைப் படிவங்களை மட்டும். கெட் என்றால் நாம் கேட்டது முகவரிப் பட்டையில் தெரியும். போஸ்ட் என்றால் தெரியாது. இது உங்களுக்கும் பயன்படும் சோதனை: ஒரு தரவுத்தளத்தில் தேடியபின் முகவரிப் பட்டையைப் பாருங்கள். உங்கள் சொல் அங்கே இருந்தால் அந்த இணைப்பைச் சேமித்து வைக்கலாம். இல்லையென்றால் நாளை அது வெற்றுப் பக்கமாகத் திறக்கும், அல்லது "அமர்வு காலாவதி" என்று சொல்லும். அத்தகைய தளங்களில் "நிலை இணைப்பு" என்றோ "பெர்மாலிங்க்" என்றோ தனியாக ஒன்று கொடுத்திருப்பார்கள். அதைத்தான் எடுக்க வேண்டும்.

தளத்தின் சொந்தக்காரரே தடுத்திருக்கலாம். முகவரிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு ரோபாட்ஸ் புள்ளி டிஎக்ஸ்டி என்று ஆங்கிலத்தில் தட்டினால் பெரும்பாலான தளங்களில் ஒரு சின்னக் கோப்பு திறக்கும். கிராலர்கள் எங்கே வரக்கூடாது என்று எழுதி வைக்கும் இந்த ஏற்பாட்டை 1994இல் மார்ட்டைன் கோஸ்டர் முன்வைத்தார். 2022இல்தான் அது ஆர்எஃப்சி 9309 என்ற முறையான இணையத் தரமாயிற்று. அந்தக் கோப்பு நிரல்களுக்கான அறிவிப்பு, பூட்டு அல்ல. மனிதர் அதை வாசிப்பதில் தவறு எதுவும் இல்லை. எந்தக் கோப்புறைகள் தேடுபொறியில் வரவே வராது என்பதை அது ஒரு நொடியில் காட்டிவிடும். அதன் கடைசி வரிகளில், தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப் கோப்பின் முகவரியும் அடிக்கடி இருக்கும். ஒரு சைட்மேப் கோப்பில் 50,000 முகவரிகள்வரை அடங்கும். அதைத் திறந்து உலாவியின் கண்டுபிடி வசதியால் ஒரு சொல்லைத் தேடுங்கள். முகப்புப் பக்கத்திலிருந்து எந்த இணைப்பும் இல்லாத அநாதைப் பக்கங்கள் அங்கே கிடைப்பதுண்டு. ஆனால் கடவுச்சொல் கேட்கும் இடம் வேறு விஷயம். அங்கே குறுக்குவழி தேடக்கூடாது. கணக்குத் தொடங்குங்கள், அல்லது நூலகம் வழியாகப் போங்கள்.

வாசலைக் கண்டுபிடிப்பது

தகவலைப் பற்றி யோசிக்காமல், அதை எழுதி வைக்க வேண்டிய கடமை யாருக்கு இருக்கிறது என்று யோசியுங்கள். மருந்துச் சோதனை என்றால் சோதனைப் பதிவேடு. கண்டுபிடிப்பு என்றால் காப்புரிமை அலுவலகம். கப்பல் என்றால் கடல்சார் பதிவேடு. ஏற்றுமதி என்றால் சுங்கப் புள்ளிவிவரம். கடமை இருக்கும் இடத்தில் பதிவு இருக்கும், பதிவு இருக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு தரவுத்தளம் இருக்கும். தேடுபொறியில் இப்போது போட வேண்டியது உங்கள் கேள்வி அல்ல. துறையின் பெயரோடு "டேட்டாபேஸ்", "ரெஜிஸ்ட்ரி", "கேட்டலாக்", "ரெபாசிட்டரி" ஆகிய சொற்களில் ஒன்றை ஆங்கிலத்தில் சேர்த்துத் தட்டுங்கள்.

இதைவிடச் சிறந்த வழி, ஏற்கெனவே யாரோ தொகுத்த பட்டியலைப் பிடிப்பது. பல்கலைக்கழக நூலகர்கள் ஒவ்வொரு துறைக்கும் ஆய்வு வழிகாட்டிப் பக்கங்கள் வைத்திருக்கிறார்கள். பலவும் லிப்கைட்ஸ் என்ற மென்பொருளில் இயங்குவதால் துறைப்பெயரோடு அந்தச் சொல்லைச் சேர்த்தாலே வந்துவிடும். ஆய்வுத் தரவுக் களஞ்சியங்களுக்கு ரீ3டேட்டா என்ற பதிவேடு உண்டு. இலவசமாகப் படிக்கக்கூடிய (திறந்த அணுக்க) ஆய்வுக் களஞ்சியங்களுக்கு ஓப்பன்டோர். ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழக நூலகம் நடத்தும் பேஸ் என்ற தேடல், உலகெங்கும் உள்ள களஞ்சியங்களின் விவரப் பதிவுகளை ஓஏஐ-பிஎம்எச் நெறிமுறை வழியாக நேரடியாக வாங்கிக்கொள்கிறது. கிராலர் போகாத இடத்துக்கு அது போவதற்குக் காரணம் இதுதான்: பக்கத்தை வாசிப்பதில்லை, பட்டியலையே கேட்டு வாங்குகிறது. ஒரு நூல் எந்த நூலகங்களில் இருக்கிறது என்பதற்கு வேர்ல்டுகேட். பல நாட்டு அட்டவணைகளை ஒரே நேரத்தில் தட்டிப் பார்க்கக் கார்ல்ஸ்ரூ மெய்நிகர் அட்டவணை.

விக்கிப்பீடியாவின் சகோதரத் தரவுத்தளமான விக்கித்தரவு பலருக்கும் தெரியாத நல்ல சாவிக்கொத்து. ஒருவரையோ பொருளையோ பற்றிய உருப்படியைத் திறந்து கீழே இறங்கினால் அடையாள எண்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நாட்டின் தேசிய நூலகத்திலோ, அருங்காட்சியகத்திலோ, துறைத் தரவுத்தளத்திலோ அதே பொருளின் பதிவுக்கு நேரே கொண்டுபோகும். தேடாமலேயே பத்துப் பதினைந்து வாசல்கள் திறக்கும்.

பெயரை விடுங்கள், எண்ணைப் பிடியுங்கள்

பெயர் மாறும், எழுத்து மாறும், மொழி மாறும். எண் மாறாது. ஒரு கப்பல் கைமாறும்போது பெயரும் கொடியும் மாறிவிடும்; ஆனால் ஐஎம்ஓ எனும் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஏழு இலக்க எண் அந்த உடலோடு கடைசிவரை இருக்கும். இலவசக் கணக்குத் தொடங்கினால் எக்வாசிஸ் என்ற கப்பல் விவரத் தளத்தில் அந்த எண்ணைப் போட்டே தேடலாம். வேதிப்பொருளுக்குச் சிஏஎஸ் என்ற வேதிப் பதிவேட்டின் எண்: காஃபீனுக்கு 58-08-2, தண்ணீருக்கு 7732-18-5. வணிகப் பெயர், முறைப் பெயர், பழைய பெயர் என்று இருபது பெயர் உள்ள ஒரு பொருளுக்கு ஒரே எண். கட்டுரைக்கு 10. என்று தொடங்கும் டிஓஐ என்ற நிலை அடையாளம். நூலுக்கு ஐஎஸ்பிஎன், 2007க்கு முன் அது பத்து இலக்கம், பிறகு பதின்மூன்று.

இந்த எண்களில் பலவற்றின் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. சிஏஎஸ் எண்ணில் கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு வலமிருந்து இடமாக 1, 2, 3 என்று பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையின் ஒன்றாம் இலக்கம்தான் அந்தக் கடைசி இலக்கம். தண்ணீருக்கு 8×1, 1×2, 2×3, 3×4, 7×5, 7×6: மொத்தம் 105, ஆகவே 5. ஐஎம்ஓ எண்ணில் முதல் ஆறு இலக்கங்களை 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும்; அதிலும் ஒன்றாம் இலக்கம்தான் கடைசி இலக்கம். பழைய ஆவணத்திலிருந்து எண்ணைப் பெயர்த்து எழுதி, தேடல் வெறுங்கையோடு திரும்பினால், முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓர் இலக்கம் தவறியிருந்தால் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். இடைக்கோடும் சிக்கல்தான்: சில தளங்கள் கோட்டோடு கேட்கும், சில கோடில்லாமல் கேட்கும். இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

எண் இல்லாத இடத்தில் வகைப்பாட்டுக் குறியீடு கைகொடுக்கும். காப்புரிமை எழுதுகிறவர்கள் வேண்டுமென்றே பொதுச் சொற்களைப் போடுவார்கள். காற்றாலை என்ற சொல்லே இல்லாமல் காற்றாலைக் காப்புரிமை இருக்கலாம். எஸ்பாசெநெட் என்ற காப்புரிமைத் தேடல் தளத்தில் சிபிசி என்ற காப்புரிமை வகைப்பாட்டின் எஃப்03டி பிரிவைப் போட்டால், சொல் எதுவானாலும் மொழி எதுவானாலும் காற்று இயந்திரங்கள் வந்து நிற்கும். வணிகப் புள்ளிவிவரத்தில் எச்எஸ் என்ற பன்னாட்டுச் சரக்குக் குறியீடு அதே வேலையைச் செய்கிறது: 0901 காப்பி, 0902 தேயிலை. இங்கே ஒரு எச்சரிக்கை. எச்எஸ் பட்டியல் 2012, 2017, 2022 என்று திருத்தப்பட்டுவருகிறது. ஆறு இலக்கக் குறியீடு ஒன்று இரண்டாகப் பிரிந்திருக்கலாம், இரண்டு ஒன்றாகியிருக்கலாம். ஒரு வரிசையில் திடீரென்று அளவு பாதியாகக் குறைந்தால் வணிகம் விழுந்துவிட்டது என்று எழுதுவதற்கு முன், குறியீடு மாறியதா என்று பாருங்கள்.

உள்ளே பேசும் மொழி

தேடுபொறி நம்மைக் கெடுத்து வைத்திருக்கிறது. எழுத்துப்பிழையைத் திருத்தும், ஒத்த சொல்லைச் சேர்க்கும், கேள்வி வாக்கியத்தையும் புரிந்துகொள்ளும். தரவுத்தளம் அப்படியல்ல. "மாரடைப்புக்குப் பின் நடைப்பயிற்சி நல்லதா" என்று முழு வாக்கியத்தை ஒரு பழைய அட்டவணையில் போட்டால், அத்தனை சொல்லும் ஒரே பதிவில் இருக்க வேண்டும் என்று அது எடுத்துக்கொண்டு பூஜ்யம் காட்டும். இரண்டு சொல், அதிகம் போனால் மூன்று. அங்கிருந்து மெல்லக் குறுக்கிக்கொண்டு வாருங்கள்.

அந்தத் தளம் தனக்கென்று வைத்திருக்கும் பொருள் தலைப்புகளைக் கற்றுக்கொள்வதுதான் உண்மையான திறமை. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட்டில், அதன் மையத் தொகுப்பான மெட்லைனில் உள்ள ஒவ்வொரு கட்டுரைக்கும் மெஷ் என்ற சொற்பட்டியலிலிருந்து தலைப்புகள் இடப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில் கேன்சர் என்று எழுதியிருந்தாலும் டியூமர் என்று எழுதியிருந்தாலும் தலைப்பு நியோப்ளாசம்ஸ்தான். அந்தத் தலைப்பைப் பிடித்தால் அதன் கீழுள்ள கிளைகளும் சேர்ந்து வரும். ஆனால் மெஷ் தலைப்பை மட்டும் நம்பினால் இன்னும் தலைப்பு இடப்படாத புதிய பதிவுகளும், மெட்லைனுக்கு வெளியே உள்ளவையும் விடுபடும். ஆகவே மெஷ் தலைப்பை ஒரு பக்கமும், தலைப்பிலும் சுருக்கத்திலும் வரும் சாதாரணச் சொற்களை மறுபக்கமும் வைத்து, நடுவில், அல்லது எனப் பொருள்படும் ஆர் என்ற இணைப்பை ஆங்கிலப் பெரிய எழுத்தில் போடுங்கள். பப்மெட் நாம் போடும் சொல்லைத் தானே மெஷ் தலைப்போடு பொருத்திப் பார்க்கும். மேற்கோள் குறியோ நட்சத்திரக் குறியோ போட்ட கணமே அந்தப் பொருத்தம் நின்றுவிடும். சொல்லைச் சுருக்கி நட்சத்திரம் போட்டதும் முடிவுகள் கூடுவதற்குப் பதில் குறைந்தால், காரணம் இதுதான். என்ன நடந்தது என்று பார்க்க, மேம்பட்ட தேடல் பக்கத்தின் வரலாற்றில் "விவரம்" பகுதியைத் திறந்தால் உங்கள் கேள்வி எப்படி மொழிபெயர்க்கப்பட்டது என்று முழுமையாகக் காட்டும். இதைத் திறந்து பாராமல் தேடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதற்குச் சமம்.

நூலகங்களிலும் இதே கதை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புப் பட்டியலில் சமையலுக்கு நெடுங்காலம் குக்கரி என்றிருந்தது. 2010இல் குக்கிங் என்று மாற்றினார்கள். பழைய பதிவைத் திருத்தாத நூலகங்களில் இரண்டும் இருக்கும். இரண்டையும் தேட வேண்டும்.

சரியான தலைப்பு தெரியாதபோது செய்யும் வேலை எளிது. எப்படியாவது பொருத்தமான ஒரே ஒரு பதிவைப் பிடியுங்கள். அதன் முழு விவரத்தைத் திறந்து, என்னென்ன பொருள் தலைப்புகள் இடப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். அவற்றைச் சொடுக்குங்கள். அடுத்த பதிவு, அதன் தலைப்புகள், மீண்டும் அதுவே. அரைமணி நேரத்தில் அந்தத் தளத்தின் மொழி பிடிபட்டுவிடும்.

பூஜ்யமும் பத்தாயிரமும்

பூஜ்யம் வந்தால் உடனே நம்பாதீர்கள். அந்தத் தளத்தில் நிச்சயம் இருக்கிறது என்று தெரிந்த ஒன்றை அதே பெட்டியில், அதே வடிகட்டிகளோடு தேடுங்கள். அதுவும் வரவில்லை என்றால் கோளாறு உங்கள் கேள்வியில்: ஆண்டு வடிகட்டி எங்கோ நின்றிருக்கும், மொழித் தேர்வு ஒன்றில் மாட்டியிருக்கும், அல்லது தேடல் தலைப்பை மட்டும் பார்க்கும். தெரிந்தது வந்து, தேடியது வராவிட்டால் மட்டுமே அந்தப் பூஜ்யத்துக்கு மதிப்பு. அத்தோடு தளத்தின் "இதைப் பற்றி" பக்கத்தில் பதிவுகள் எந்த ஆண்டிலிருந்து இருக்கின்றன என்பதையும் பார்த்துவிடுங்கள். அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் முழு எழுத்துத் தேடல் 2001இலிருந்துதான். அதற்கு முந்தைய அறிக்கையை அந்தப் பெட்டியில் எத்தனை விதமாகக் கேட்டாலும் வராது. நிறுவனத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில், சரியாக 10,000 முடிவுகள் என்று காட்டினாலும் சந்தேகப்படுங்கள். பல தளங்களின் அடியில் ஓடும் எலாஸ்டிக்சர்ச் மென்பொருள், மாற்றியமைக்காவிட்டால், முதல் 10,000 பதிவுகளுக்கு மேல் பக்கம் புரட்ட விடாது. எண்ணிக்கையையும் அங்கேயே நிறுத்திவிடும். பப்மெட்டும் 10,000க்கு மேல் காட்டாது. மீதியைப் பார்க்க ஒரே வழி, கேள்வியை ஆண்டுவாரியாகவோ மாதவாரியாகவோ வெட்டி, ஒவ்வொரு துண்டும் அந்த வரம்புக்குள் வரும்படி செய்வது.

பார்க்க அழகாக இருந்து, பத்துப் பத்தாக மட்டும் முடிவு காட்டும் நவீனத் தளங்களுக்கு வேறொரு வழி உண்டு. எஃப்12 விசையை அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்து, ஃபெட்ச் வடிகட்டியைத் தேர்ந்துவிட்டு, இப்போது தேடுங்கள். பக்கம் தன் சேவையகத்திடம் கேட்ட கேள்வி ஒரு வரியாக வந்து விழும். சொடுக்கினால் பதில் ஜேசன் என்ற தரவு வடிவில் இருக்கும். திரையில் காட்டாத புலங்கள், உள் அடையாள எண், திருத்திய தேதி போன்றவை, அதில் கிடைப்பது வழக்கம். அந்த முகவரியில் எத்தனை முடிவு, எங்கிருந்து என்று சொல்லும் லிமிட், ஆஃப்செட் போன்ற எண்கள் இருந்தால் மாற்றிப் பார்க்கலாம். ஆனால் தளத்தின் விதிகளை முதலில் வாசியுங்கள். ஒரு கேள்விக்கும் அடுத்ததற்கும் இடையே ஓரிரு விநாடி விடுங்கள். சிறு நூலகத்தின் சேவையகத்தை நிரல் போட்டு மூச்சுத் திணற வைத்தால், அவர்கள் கதவை எல்லோருக்கும் சேர்த்துச் சாத்திவிடுவார்கள். முழுத் தொகுப்பையும் கோப்பாகத் தரவிறக்கும் வசதி இருந்தால் இந்த வேலையே தேவையில்லை. பலர் அந்த இணைப்பைத் தேடிப் பார்ப்பதே இல்லை.

கண்ணுக்குத் தெரியும், தேடலுக்குத் தெரியாது

வருடிய (ஸ்கேன் செய்த) பிடிஎஃப் கோப்புகள் தனிச் சிக்கல். திறந்தவுடன், பக்கத்தில் கண்ணால் பார்க்கும் ஒரு சொல்லைக் கண்டுபிடி வசதியில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். எதுவுமே ஒட்டவில்லை என்றால் அது வெறும் படம். பொருளற்ற லத்தீன் எழுத்துகள் விழுந்தால் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. தமிழ் உட்பட பல மொழிகளின் பழைய கோப்புகள் இப்படித்தான், அவற்றை எழுத்துரு மாற்றியில் போட்டெடுக்க வேண்டும். வெறும் படம் என்றால், படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் டெசராக்ட் போன்ற எழுத்துணரி வேண்டும். அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்கு (டிபிஐ) குறைந்த வருடலில் பிழைகள் சட்டென்று பெருகும்.

பழைய செய்தித்தாள் தொகுப்புகளில் எழுத்துணரியின் பிழையையே தேட வேண்டிவரும். ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டும் ஒட்டி எம் ஆகிவிடும். 1800க்கு முந்தைய அச்சில் நீண்ட எஸ் எழுத்தை எஃப் என்று வாசித்துவைத்திருக்கும். வரி முடிவில் உடைந்த சொல் இரண்டு துண்டாகக் கிடக்கும். பாதியை மட்டும் போட்டால் வரும். ஒரு பெயர் கிடைக்கவில்லையா? அந்த நிகழ்வில் கட்டாயம் வந்திருக்க வேண்டிய வேறொரு பெயரைப் போட்டு, நாளைக் குறுக்கி, பக்கத்தைக் கண்ணால் வாசியுங்கள்.

மறைந்துபோன பக்கங்களுக்கு, பழைய வலைப்பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின். கூகுள் தன் தற்காலிக நகல் இணைப்புகளை 2024 தொடக்கத்தில் எடுத்துவிட்ட பிறகு அதன் தேவை கூடியிருக்கிறது. முகவரியின் முடிவில் சாய்கோடும் நட்சத்திரமும் போட்டுத் தேடினால் அந்தத் தளத்தில் சேமித்த கோப்புகளின் பட்டியலே வரும். வடிகட்டிப் பெட்டியில் பிடிஎஃப் என்றோ ஆண்டு என்றோ தட்டலாம். தளம் பெயர் மாறியிருந்தால் பழைய முகவரியைப் போட வேண்டும். படிவம் நிரப்பிப் பெறும் முடிவுகளை அது பெரும்பாலும் சேமித்திருக்காது. கிராலருக்கு இருந்த அதே தடை அதற்கும் உண்டு.

ஆவணக் காப்பகங்களில் இன்னொரு மனப்பழக்கம் தேவை. அங்கே ஒவ்வொரு கடிதத்துக்கும் பதிவு இராது. யாருடைய தொகுப்பு, அதில் எந்த வரிசை, எந்தப் பெட்டி, எந்தக் கோப்பு என்ற அளவோடு விவரம் நின்றுவிடும். கடிதத்தைத் தேடாதீர்கள், அதைப் பெற்று வைத்திருக்கக்கூடிய அலுவலகத்தைத் தேடுங்கள். அந்த அலுவலகம் அக்காலத்தில் என்ன பெயரில் இயங்கியது என்று தெரிந்துகொண்டு, அந்தப் பெயரில் தேடிப் பட்டியலைத் திறந்து, ஆண்டு பொருந்தும் பெட்டிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தேடும்போதே ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதிவாருங்கள்: தேதி, தளம், அப்படியே தட்டிய கேள்வி, வந்த எண்ணிக்கை. தேடல் முட்டி நிற்கும்போது காப்பாளருக்கோ நூலகருக்கோ எழுதும் மின்னஞ்சலில் அந்தத் தாளை இணைத்துவிடுங்கள். "இன்னது இருக்கிறதா" என்று மட்டும் கேட்டால் பொதுப் பதில்தான் வரும். எந்தத் தொகுப்பில், எந்தச் சொல்லால், எந்த ஆண்டுகளுக்குத் தேடினீர்கள் என்று தெரிந்தால், நீங்கள் தட்டாத பெட்டி எது என்பதை அவர்கள் அதைப் பார்த்தே சொல்லிவிட முடியும். இன்னும் கணினியில் ஏறாத அட்டைப் பட்டியலை எடுத்துப் பார்க்கவும் வழி பிறக்கும்.